உறைபனியும் வாகன எஞ்சினும்

புணே நகரையடுத்த தாபோடியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸைச் சுற்றியே இருக்கும். ஆகவே இங்கு எஞ்சின் நீர் உறைந்துபோகும் என்ற அச்சம் எவருக்கும் எழுவதில்லை. ஆனால் இதே தாபோடியில்தான் ராணுவப் பொறியியல் கல்லூரி அமைந்துள்ளது. இங்குப் பயின்ற பொறியாளர்கள் பலர் பின்னர் லடாக் போன்ற எல்லைப் பகுதிகளில் பணியாற்றுகின்றனர். பணி மாறுதலாகவோ சுற்றுலாவாகவோ சொந்த வாகனத்தில் வடக்கே செல்வோரும் உளர். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. திராஸ் பள்ளத்தாக்கில் குளிர் −20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சமவெளியில் குறையின்றி ஓடிய வாகனம் அங்கு ஒரே இரவில் பழுதாகக்கூடும்.

நீர் ஏன் எஞ்சினை உடைக்கிறது?

நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. மூடிய குழாய்களுக்குள் இவ்வாறு பெருகும் பனிக்கட்டி ரேடியேட்டரையும் எஞ்சின் பிளாக்கையும் பிளந்துவிடும். இதனைத் தடுப்பது கூலன்ட். எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்கு கலந்த கலவை ஏறத்தாழ −37 டிகிரி வரை உறையாது. கிளைக்காலை மட்டும் ஊற்றினால் மேலும் நன்று எனச் சிலர் எண்ணுவர். அது தவறு, தனிக் கிளைக்கால் −13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கோடைதோறும் வெறும் நீர் ஊற்றி நிரப்பப்பட்ட ரேடியேட்டரில் கலவையின் வலிமை குறைந்திருக்கும். எனவே புறப்படுமுன் பணிமனையில் அதன் உறைநிலையைச் சோதிப்பது இன்றியமையாதது. கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

டீசலும் ஆயிலும்

டீசலில் இயல்பாகவே உள்ள மெழுகு கடுங்குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். இக்குறையைப் போக்க, −33 டிகிரியிலும் ஓட்டத்தன்மை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் பனிப்பகுதியில் இரவு தங்குவதைத் தவிர்த்து, அங்கு விற்கப்படும் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்க. மண்ணெண்ணெய் கலப்பது இன்றைய எஞ்சின்களின் எரிபொருள் பம்பைத் தேய்க்கும். தொட்டியின் கீழ் நெருப்பு மூட்டுவதோ உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் ஆயில் டப்பாவில் காணும் 'டபிள்யூ' எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் எளிதாக ஓடும். 15டபிள்யூ-40 ஆயிலைவிட 5டபிள்யூ-30 ஆயில் குளிருக்கு ஏற்றது. எனினும் வாகனக் கையேடு அனுமதிக்கும் வகையையே தேர்க.

பேட்டரி

குளிரில் பேட்டரியின் திறன் குன்றும். கெட்டியான ஆயிலால் எஞ்சினைச் சுழற்றும் வேலையோ கூடும். முழு மின்னேற்றம் கொண்ட ஈய-அமில பேட்டரி −50 டிகிரியிலும் உறையாது. மின்னேற்றம் தீர்ந்ததோ −10 டிகிரியை எட்டுமுன்பே உறையக்கூடும். பழைய பேட்டரியைப் பயணத்திற்கு முன்பே மாற்றிவிடுதல் நலம்.

காப்பீடும் கடனும்

வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்து, திருட்டு, இயற்கைப் பேரிடர் முதலியவற்றுக்கானது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் அடங்குவதில்லை. கூலன்ட் குறைவால் எஞ்சின் பிளந்தால், பராமரிப்புக் குறை எனக் கருதி இழப்பீடு மறுக்கப்படலாம். எஞ்சினுக்கெனத் தனியே பெறும் கூடுதல் காப்பும் பெரும்பாலும் நீர் புகுதல், ஆயில் கசிவு ஆகியவற்றையே கருதுகிறது. எனவே ஆவணத்தின் விலக்குப் பகுதியைப் படித்தறிதல் வேண்டும். வாகனம் பணிமனையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

சில லிட்டர் கூலன்டின் விலை எங்கே, புதிய எஞ்சினின் விலை எங்கே! வருமுன் காப்பதே வாகனத்திற்கும் சேமிப்பிற்கும் நன்மை பயக்கும்.