டெண்டர் போடும் தம்பிக்கு



திருவண்ணாமலை தேரடித் தெரு பக்கம் ஆஃப்செட் மெஷின் போட்டு அச்சகம் தொடங்கியிருக்கிறாய். மகிழ்ச்சி. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் வாங்கிவிட்டதால் அரசாங்க ஆர்டர் தேடி வரும் என்று நம்புகிறாயாம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ல் வந்த விதி. அந்தப் பங்கு 2018-ல் 20 சதவீதத்திலிருந்து 25 ஆனது. டெண்டர் படிவம் இலவசம், இ.எம்.டி. (முன்வைப்புத் தொகை) கட்ட வேண்டாம். ஆனால் உத்யமில் அச்சுத் தொழிலை உற்பத்தி என்று பதிந்திருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது.

பலர் ஏமாறுவது, குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதம் வரை போட்ட சிறு நிறுவனத்தையும் கூப்பிடும் கணக்கில். ஒரு பொதுத்துறை வங்கி 1,000 பதிவேடு கேட்கிறது என்று வை. பெரிய கம்பெனி 80 ரூபாய் போட்டு எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) ஆகிறது, நீ 90. வரம்பு 92 என்பதால் உன்னையும் கூப்பிடுவார்கள். ஆனால் 90 தரமாட்டார்கள். 80-க்கு இறங்கினால் 250 பதிவேடு உனக்கு. பேப்பர், பிளேட், மை, பைண்டிங் கூலி, வண்டி வாடகை எல்லாம் அந்த 80-க்குள் அடங்குமா என்பதை டெண்டர் போடும் முன்பே பார்த்துவிடு.

2025 ஏப்ரல் 1 முதல் இதிலும் ஒரு சிக்கல். சிறு நிறுவனத்தின் விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியாகவும், முதலீட்டு வரம்பு 10 கோடியிலிருந்து 25 கோடியாகவும் உயர்ந்துவிட்டன. நேற்றுவரை நடுத்தர நிறுவனமாக இருந்த அச்சகம் இன்று உன் வரிசையில் நிற்கும். அது எல்-1 ஆனால், எல்-1 ஏற்கெனவே சிறு நிறுவனம் என்பதால், உன்னைக் கூப்பிட்டு விலை இறக்கச் சொல்லும் விதியே பொருந்தாது. வரம்பை உயர்த்தியதில் லாபம் அவர்களுக்கு. இடம் சுருங்கியது உனக்கு.

சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் வாங்கு. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது. தேதி இல்லாத சலானை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

மாநில அரசு அலுவலகங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனி, அதையும் படி.

கல்யாணப் பத்திரிகை வராத ஆடியிலும் மார்கழியிலும் அரசாங்க வேலை கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடை வாடகையும் ஆள் சம்பளமும் தீப சீசன் நோட்டீசிலும் ஓட்டல் பில் புத்தகத்திலும் வரட்டும். அரசாங்க ஆர்டர் இல்லாத மாதத்திலும் மெஷின் ஓட வேண்டும். அந்த நிலைக்கு வந்தபின் தைரியமாக டெண்டர் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்