சொல்லாமல் கொள்ளாமல் கழற்றினால்

கணினியிலிருந்து பென் ட்ரைவைக் கழற்ற இரண்டு வழிகள் உண்டு. திரையின் மூலையிலுள்ள சின்னத்தை அழுத்தி, இனிக் கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருப்பது ஒன்று. பிடித்து இழுப்பது மற்றது. வீடுகளிலும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். அப்படி இழுத்த பிறகும் கணினி ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்கிறதே, அது எப்படி? பரீட்சை வினாத்தாளில் இக்கேள்வி வருமென்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பணிசெயல் முறைமை என்ற அலகில் நாம் படிப்பவை பலவும் இந்த ஒரு கேள்விக்குள் வந்து சேர்கின்றன.

ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைச் சாதனச் செலுத்தி என்பர். நாம் ட்ரைவர் என்றே சொல்வோம். பெரும்பாலான ட்ரைவர்கள் பணிசெயல் முறைமையின் கருவுக்குள், அதாவது கேர்னலுக்குள், இயங்குகின்றன. நாம் கட்டுரை எழுதும் மென்பொருள் தவறினால் அது மட்டும் மூடப்படும். கருவுக்குள் இருக்கும் ட்ரைவர் தவறினால் முழுக் கணினியுமே நின்றுவிடலாம். 1998 ஏப்ரலில் சிக்காகோவில் நடந்த கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே விண்டோஸ் 98 நீலத் திரையைக் காட்டி நின்றது பலருக்கும் தெரிந்த கதை. ஒரு ஸ்கேனரை இணைத்த நேரத்தில் நடந்தது அது. கழற்றுவது இணைப்பதைவிடச் சிக்கலானது. இணைக்கும்போது அந்தச் சாதனத்தை இன்னும் யாரும் பாவிக்கத் தொடங்கவில்லை. கழற்றும்போதோ பாதி வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

சாதனம் போய்விட்டது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? யூஎஸ்பியின் ஆரம்ப வேகங்களில் வழி மிக எளிமையானது. சாதனத்திலுள்ள 1.5 கிலோ ஓம் தடையியொன்று தரவுக் கம்பிகளில் ஒன்றின் அழுத்தத்தை உயர்த்தி வைத்திருக்கும். கழற்றியதும் அந்த அழுத்தம் விழும். அது 2.5 மைக்ரோ செக்கன்களுக்கு மேல் விழுந்தே கிடந்தால் சாதனம் போய்விட்டது என்று துறை முடிவு செய்யும். செருகியின் உள்ளே பார்த்தால் நான்கு உலோகப் பட்டைகளில் ஓரத்திலுள்ள மின்சாரப் பட்டைகள் இரண்டும் சற்று நீளமாக இருக்கும். கழற்றும்போது தரவுத் தொடர்பு முதலில் அறுந்து, மின்சாரம் பிறகே நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. கையால் இழுப்பார்கள் என்பதை வடிவமைத்தவர்கள் முதலிலேயே எதிர்பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் துறைக்குத் தெரிந்த செய்தி கருவுக்குப் போய், கரு ட்ரைவரை அழைத்துச் சொல்வதற்குச் சில மில்லி செக்கன்களாவது ஆகும். அது எமக்கு ஒன்றுமில்லை. 3 கிகாஹேர்ட்ஸ் செயலியொன்றுக்கோ ஒரு மில்லி செக்கனென்பது 30 இலட்சம் கடிகாரத் துடிப்புகள். அவ்வளவு நேரமும் ட்ரைவர், இல்லாத ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கும்.

அப்போது என்ன பதில் வரும்? யூஎஸ்பியில் என்றால் அனுப்பிய கோரிக்கை பிழைக் குறியீட்டோடு திரும்பி வரும். அதைக் கவனித்தால் போதும். வேகமான சில வெளிச் சேமிப்பகங்களும் வலையமைப்பு அட்டைகளும் பீசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைகின்றன. சிக்கல் அங்கேதான். அங்கே ட்ரைவர் சாதனத்தின் பதிவகங்களை நினைவகத்தை வாசிப்பதுபோலவே நேரடியாக வாசிக்கிறது. சாதனம் போன பிறகு வாசித்தால் பெரும்பாலான கணினிகளில் பிழைச் செய்தி எதுவும் கிடைக்காது. எல்லாப் பிற்றுகளும் ஒன்றாகவே இருக்கும் ஓர் எண் கிடைக்கும். 32 பிற்றுப் பதிவகமானால் தசமத்தில் 4294967295. வீட்டில் ஆளில்லை, ஆனால் கதவுக்கு வெளியே நின்று கேட்கும் எல்லாக் கேள்விக்கும் உள்ளிருந்து "ஆம்" என்று குரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்றது இது.

இப்போது ட்ரைவரில் இப்படியொரு பகுதி இருக்கிறதென்று எண்ணுங்கள். நிலைப் பதிவகத்தை வாசி. அதில் "வேலையாக இருக்கிறேன்" என்ற பிற்று ஒன்றாக இருந்தால் திரும்பவும் வாசி. பூச்சியமானதும் மேலே போ. பார்ப்பதற்குக் குறையில்லாத தடம். சாதனம் இருக்கும்வரை சரியாகவும் ஓடும். கழற்றிய கணத்திலிருந்து அந்தப் பிற்று எப்போதும் ஒன்றுதான். ட்ரைவர் முடிவில்லாமல் சுற்றும். அதன் கையில் கருவின் பூட்டு ஒன்றும் இருந்துவிட்டால் அந்தப் பூட்டுக்காக மற்றவையும் வரிசையில் நிற்கும். நீலத் திரைகூட வராது, திரை அப்படியே உறைந்துவிடும். காத்திருப்புக்கு ஒரு கால எல்லை வைப்பது முதற் பாதுகாப்பு. எல்லாம் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுவது அடுத்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உற்பத்தியாளரின் இலக்கம் உள்ள பதிவகத்தை வாசிக்கலாம். 16 பிற்றுகளும் ஒன்றாகவுள்ள இலக்கம் எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கப்படுவதில்லை. அங்கேயும் ஒன்றுகளே வந்தால் சாதனம் அங்கில்லை.

"ஒவ்வொரு முறையும் முதலில் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் பேசினால் என்ன?" என்று என் நானா கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் அது போதாது. "இருக்கிறேன்" என்ற பதில் வந்து அடுத்த கட்டளை ஓடுவதற்குள்ளேயே கை இழுத்துவிடலாம். ஆகவே கிடைத்த விடையை ஒவ்வொரு முறையும் வாசித்த பிறகு சோதிப்பதே நம்பத்தக்கது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாதனம் போய்விட்டாலும் அதைப்பற்றிய குறிப்புகள் நினைவகத்தில் இருக்கும். சாதனம்தான் இல்லையே என்று ட்ரைவர் அவற்றை உடனே அழித்துவிட்டால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் பழைய முகவரியையே தேடி வரும். அந்த இடம் அதற்குள் வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அதன் தரவு கெட்டுப்போகும். ஆகவே ட்ரைவர் முதலில் "சாதனம் போய்விட்டது" என்று குறித்து, புதிய கோரிக்கைகளை மறுக்கிறது. பாதியில் நிற்பவற்றைப் பிழையோடு முடிக்கிறது. பதிலுக்காக உறங்கிக் கிடக்கும் முறைவழிகளை எழுப்பிவிடுகிறது. எத்தனை பேர் இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண் பூச்சியமான பிறகே நினைவகத்தை விடுவிக்கிறது. கடைசி விருந்தாளி போகுமுன் கலியாண மண்டபத்தின் விளக்கை அணைப்பதில்லை அல்லவா? விண்டோஸ் 2000 முதல் இதற்கென்றே தனிச் செய்தி உண்டு. ஒழுங்காகக் கழற்றும்போது "கழற்றலாமா?" என்று கரு கேட்கும், ட்ரைவர் மறுக்கலாம். இழுத்துவிட்டால் வருவது வெறும் அறிவித்தல். அதை மறுக்க முடியாது. திறந்திருந்தவை எல்லாம் மூடப்பட்ட பிறகே இறுதி நீக்கச் செய்தி வரும்.

இவ்வளவும் காப்பாற்றுவது கணினியைத்தான். எழுதி முடியாத தரவை எந்த ட்ரைவராலும் மீட்க முடியாது. லினக்ஸில், நகலெடுத்து முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் தரவு நினைவகத்தில் தங்கியிருக்கலாம். விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டின் 1809 பதிப்பிலிருந்து, எழுதுவதைத் தேக்கி வைக்காத விரைவு நீக்கமே இயல்பான ஏற்பாடு. பலர் இழுத்தும் தப்பிப்பது அதனால்தான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் அந்த ஏற்பாடும் உதவாது. பென் ட்ரைவ்களில் வழமையாக உள்ள ஃபெட் 32, எக்ஸ்ஃபெட் கோப்பு முறைமைகள் செய்யப்போவதை முன்கூட்டியே குறித்து வைப்பதில்லை. கோப்பு அட்டவணை பாதியில் நின்றால், அப்போது எழுதிய கோப்போடு பழைய கோப்புகளும் கெடலாம். தாத்தாவின் கலியாணப் படங்களும் தம்பியின் செயற்றிட்டமும் ஒரே பென் ட்ரைவில் இருக்கும் வீடுகள் எத்தனை!

சிலவற்றில் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. அது துடிக்கும்போது கை வைக்கக் கூடாது. விளக்கில்லாததை வாங்கியிருந்தால் மூலையிலுள்ள சின்னத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.