டெஃபிகேஷன் – ஒரு சொல்லாராய்ச்சி

விலங்கியல் வகுப்பில் செரிமான மண்டலம் நடக்கும்போது ஒரு சொல் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழும்; முன்வரிசையில் தலைகள் குனியும். டெஃபிகேஷன் என்பதே அச்சொல். 'மலம் கழித்தல்' என்று தமிழில் எழுதக் கூசி, ஆங்கிலச் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு ஏட்டை மூடிவிடுகிறோம். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த என் போன்றோருக்கு இதில் இரட்டைத் தொல்லை. வெட்கத்தால் பொருள் கேட்பதில்லை. கேளாததால் சொல் வெறும் ஒலியாகவே மனப்பாடமாகிறது. ஆகவே அகராதிகளின் துணையுடன் இதன் பிறப்பைத் தேடலானேன்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ஃபைக்ஸ்' என்றால் கசடு. குறிப்பாக, திராட்சை மதுவின் அடியில் தங்கும் மண்டி. மலத்தைக் குறிக்கும் 'ஃபீசீஸ்' இதன் பன்மையே. முன்னால் உள்ள 'டி' நீக்கத்தைக் குறிக்கும். ஆக, 'கசடு நீக்கித் தெளியவைத்தல்' என்பதே முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோதும் அதே பொருள்தான். தெளிந்த நீர்மத்தை மட்டுமின்றி, மாசு நீங்கிய மனத்தையும் இச்சொல்லால் குறித்திருக்கிறார்கள்! உடலைப் பற்றிய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. வந்தது, மற்றதை விரட்டிவிட்டது.

முற்றிலும் விரட்டவில்லை என்பதே எனக்கு வியப்பளித்த செய்தி. சர்க்கரைத் தொழில்நுட்பத்தில் இச்சொல் பழைய பொருளில் இன்றும் வாழ்கிறது. கரும்புச் சாற்றில் சுண்ணாம்புப் பால் சேர்த்துச் சூடாக்கினால், சுண்ணாம்பிலுள்ள கால்சியம் சாற்றிலுள்ள பாஸ்பேட்டுடன் கூடி வீழ்படிவாகிறது. அது திரளும்போது அழுக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் படிகிறது. மேலே தெளிந்த சாறு நிற்கிறது. இம்முறையின் பெயரே டெஃபிகேஷன்.

என் தந்தையார் வெல்லம் காய்ச்சும் தொழிலாளி. பள்ளிக்குச் சென்றவர் அல்லர். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்து, மேலே பொங்கிவரும் அழுக்கைக் கரண்டியால் வழித்தெடுப்பார். ஆலையில் அடியில் படிவது இங்கே நுரையோடு மேலே வருகிறது, வேலை ஒன்றே. விடுமுறையில் இதைச் சொன்னேன். "நான் செய்யுறதுக்கு இங்கிலீஷ்ல பேரு வேற இருக்கா?" என்றார். மற்றப் பொருளையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதுவும் அழுக்கு எடுக்கிறதுதானேப்பா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

தமிழிலும் நிலைமை வேறன்று. மலம் என்றால் அழுக்கு. ஆணவம், கன்மம், மாயை ஆகியவற்றைச் சைவ சித்தாந்தம் மும்மலம் என்கிறது. அந்தச் சொற்பொழிவில் எவரும் வாய்பொத்திச் சிரிப்பதில்லை. 'கழித்தல்' என்பதோ தொடக்கப்பள்ளிக் கணக்கிலேயே நாம் கற்றது.

வேர்ச்சொல் தெரிந்தால் பாடமும் தெளிவாகும். டெஃபிகேஷன் வேறு, எக்ஸ்கிரீஷன் வேறு. பின்னதன் வேரான இலத்தீன் சொல்லுக்குச் 'சலித்துப் பிரித்தல்' என்று பொருள். சிறுநீரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிநீரைப் பிரித்து, அதில் ஏறத்தாழ முழுவதையும் திரும்ப உறிஞ்சி, 1 முதல் 2 லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது. அது செல்களின் வளர்சிதை மாற்றத்தில் உண்டான கழிவு. மலத்தில் உள்ள செரிக்காத நாரோ எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமல் உணவுக்குழாய் வழியே கடந்து வந்தது; உண்மையிலேயே அது மண்டிதான்.

ஒரு விலக்கு உண்டு. மலத்தின் பழுப்பு நிறத்துக்குக் காரணம் ஸ்டெர்கோபிலின் என்னும் நிறப்பொருள். முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபினைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து பிரித்துப் பித்தநீரில் விடுகிறது. குடலில் உள்ள பாக்டீரியங்கள் அதை மாற்றுகின்றன. ஆக, அந்த நிறம் மட்டும் சல்லடை வழியே வந்து மண்டியில் கலந்தது.