அல்லி பெருக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

மொட்டைமாடியில் ஐந்து சிமெண்ட் தொட்டிகள் வைத்திருக்கிறேன். முதல் வருஷமே மூன்று செடிகளைச் சாகடித்த கை இது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. வாங்கும்போது நிறத்தை மட்டும் விசாரிக்காதீர்கள்; எதில் கன்று விடும் என்றும் கேளுங்கள். இலையிலா, கிழங்கிலா, விதையிலா? குளிர்நாட்டு அல்லியின் படுக்கைக் கிழங்கைத் துண்டு போடுவதுபோல வெப்பநாட்டு அல்லியை வெட்டினால் தாயும் போகும், பிள்ளையும் போகும்.

2. 'டௌபன்', 'பனாமா பசிபிக்' போன்றவை இலையில் கன்று விடுபவை. காம்பு வந்து சேரும் இடம்தான் இலையின் தொப்புள். அங்கே முதலில் ஒரு புடைப்பு தெரியும். பிறகு பொட்டளவு இலைகள், அடியில் வெள்ளை வேர்கள். வேரைப் பார்க்கும்வரை கை வைக்காதீர்கள். பிறகு சுற்றியுள்ள இலையோடு நறுக்கி, ஈர மண்மேல் வைத்து, இலை ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை ஏற்றுங்கள்.

3. குருத்து மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். நான் கழுத்துவரை புதைத்தேன், அழுகிவிட்டது. முதலில் நாலு விரல் தண்ணீர் போதும். இலை மிதக்க மிதக்க ஒரு சாண்வரை ஏற்றலாம்.

4. களிப்பான வயல் மண்ணே நல்லது. தேங்காய் நார்க்கழிவு மிதந்துவிடும். பச்சைச் சாணம் போட்டேன். தண்ணீர் நாறி மீனும் செத்தது.

5. பழைய செடியின் அடியில் சுண்டைக்காய், கொட்டைப்பாக்கு அளவில் கிழங்குகள் கிடைக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வெயிலில் வையுங்கள். முளை இரண்டு இலையும் வேரும் விட்டதும் முளையை மட்டும் கிள்ளி நடுங்கள். கிழங்கை எறியாதீர்கள், மறுபடி முளைக்கும்.

6. நம் நாட்டு நீல அல்லி விதையிலும் வரும். மகரந்தம் சேர்ந்த பூ தண்ணீருக்குள் இறங்கிக் காயாகும். உடனே மெல்லிய துணிப்பையைக் கட்டுங்கள். காய் வெடித்தால் விதை சிறிது நேரம் மிதந்துவிட்டு அடியில் போய்விடும். ஒட்டு வகைகளின் விதையை நம்பாதீர்கள். பல வகைகள் விதையே பிடிக்காது, பிடித்தாலும் தாய்போல் பூக்காது.

7. ஆறு மணி நேர வெயில், அசையாத தண்ணீர். நீரூற்று வேண்டாம். கொசுப்புழுவைத் தின்ன நாலு கப்பி மீன் விடுங்கள்.

8. முதல் கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு கோடையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் என் நீல அல்லித் தொட்டி வறண்டு வெடித்திருந்தது. இரண்டு வீடு தள்ளி, நான் கொடுத்த கன்றின் கன்று பூத்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தோடு போய் நின்றேன்.