மோட்டார் வண்டியின் பின்னச்சுப் பல்சக்கரங்களுக்கு ஏற்ற எண்ணெய்

இரட்டை மாட்டு வண்டியின் சக்கரங்கள் அச்சின் இரு முனைகளிலும் தனித்தனியே சுழலுகின்றன. தெருமுனையில் வண்டியைத் திருப்புங்கால் வெளிச்சக்கரம் விரைவாயும் உட்சக்கரம் மெதுவாயும் உருளுவதற்குத் தடையொன்றுமில்லை. வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமை இட்டிருந்தால் அதற்குப் போதும். மோட்டார் வண்டியின் நிலைமை வேறு. பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுவதால், இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டிவிட்டால் திருப்பங்களில் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒரு முழு வட்டம் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 8.8 மீட்டர் தூரம் அதிகமாக ஓடுகிறது. இவ்வேற்றுமைக்கு இடங்கொடுத்து, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டளிக்கும் பல்சக்கரத் தொகுதிக்கே டிஃபரன்ஷியல் என்று பெயர். பின்னச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கும் இரும்புக்கூட்டினுள் அது எண்ணெயில் அமிழ்ந்து சுழலுகிறது.

என்ஜின் எண்ணெயைக் கருத்தாய் மாற்றுகிறவர்களில் அநேகர் இக்கூட்டைத் திறந்து பார்ப்பதேயில்லை. பார்ப்பவர்களும் கடையில் அகப்பட்ட தடித்த எண்ணெய் எதையேனும் வார்த்து மூடிவிடுகின்றனர். தடிப்பு ஒன்றே போதுமென்பது பிழையான எண்ணம். அதன் காரணத்தைச் சற்று விரிவாய் அறிந்துகொள்வது நலம்.

பழைய வண்டிகளில், என்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிலுள்ள பினியன் என்னும் சிறு பல்சக்கரம், கிரௌன் என்னும் பெரிய பல்சக்கரத்தின் மையத்திற்கு நேராக அமைந்திருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் பினியனை மையத்திற்குக் கீழே இறக்கி அமைத்த ஹைபாய்டு என்னும் முறையைத் தங்கள் வண்டிகளில் கையாண்டனர். இதனால் தண்டு தாழ்ந்தது. வண்டியின் தளமும் தாழ்ந்தது. பற்கள் ஓசையின்றி ஓடின. ஆனால் இம்முறையில் பற்கள் ஒன்றன்மேலொன்று உருளுவதோடு நில்லாமல் நீளவாட்டில் வழுக்கவும் செய்கின்றன. மிகுந்த அழுத்தத்தோடு வழுக்கும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்து, எஃகு எஃகைத் தொட்டுவிடும். தொட்ட இடம் சூடேறி ஒட்டிப் பிய்யும். இதைத் தடுக்கவே கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த இரசாயனச் சரக்குகளைக் கியர் எண்ணெயில் கலக்கின்றனர். அழுத்தமும் சூடும் மிகுந்த இடத்தில் இச்சரக்குகள் எஃகின் மேற்பரப்போடு வினைப்பட்டு, பற்கள் ஒட்டாதபடி மெல்லிய போர்வையொன்றை உண்டாக்குகின்றன. டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நாற்றம் இக்கந்தகத்தினுடையதே. எண்ணெய் கெட்டதென்று அஞ்ச வேண்டுவதில்லை.

டப்பாவின்மேல் இரண்டு குறிகள் காணப்படும். 80 டபிள்யூ 90 என்பது போன்ற எண், தடிப்பைக் குறிப்பது. டபிள்யூ எழுத்தோடு கூடிய எண் குளிர்காலத்திற்குரியது. நமது சமவெளிகளில் பின்னெண்ணே முக்கியம். இதை என்ஜின் எண்ணெயின் எண்ணோடு ஒப்பிடலாகாது. 90 என்றால் 40-ஐக்காட்டிலும் இரு மடங்கு தடித்ததென்று பலர் நம்புகின்றனர். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 90 எண் கியர் எண்ணெயின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், 40 எண் என்ஜின் எண்ணெயோ 12.5 முதல் 16.3. வேற்றுமை சொற்பமே.

மற்றைய குறி ஜி.எல். என்பது. தேய்மானத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுவே. ஹைபாய்டு பல்சக்கரங்களுக்கு ஜி.எல். 5 வேண்டும். ஜி.எல். 4 எண்ணெயில் மேற்சொன்ன சரக்கு ஏறக்குறையப் பாதியளவே இருப்பதால், பாரமேற்றி மேடேறும் ஜீப்பின் பின்னச்சுக்கு அது தாங்காது. அப்படியானால் பெரிய எண்ணே எங்கும் உத்தமமோவெனில், அதுவுமன்று. முன்னாலுள்ள கியர்ப் பெட்டியில் பித்தளை வளையங்கள் இருக்கும். அவ்விடத்தில் ஜி.எல். 4 வார்க்கும்படி உற்பத்தியாளர் கூறியிருந்தால் அதையே வார்க்க வேண்டும். சில ஜி.எல். 5 எண்ணெய்கள் பித்தளையை அரிக்கும். வளையங்கள் பற்ற வேண்டிய பிடிப்பையும் கெடுக்கும்.

டிராக்டர் வைத்திருப்போர் மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். எண்ணெயில் அமிழ்ந்த பிரேக்குள்ள பல டிராக்டர்களில், பின்னச்சுப் பல்சக்கரங்களும் பிரேக் தட்டுகளும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. இதற்கென்றே டிராக்டர் எண்ணெய் தனியாகத் தயாரிக்கப்படுகிறது. கார் பின்னச்சுக்குரிய ஜி.எல். 5 எண்ணெயை அதில் ஊற்றினால் பிரேக் தட்டுகளின் பிடிப்பு மாறி, பிரேக் அதிரவும் வழுக்கவும் கூடும். கரும்புப் பாரத்தோடு ஏரிக்கரையிலிருந்து இறங்கும் டிரெய்லருக்கு முன்னால் இவ்வாறு நேரிடின், நஷ்டம் பல்சக்கரத்தோடு நிற்காது.

சிறிய கார்களில் இப்போது பெரும்பாலும் முன்சக்கரங்களே இழுக்கின்றன. அவற்றில் பின்னச்சுக் கூடு இராது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், ஜீப்புகள், பாரவண்டிகள் ஆகியவற்றுக்கே இங்குக் கூறுவன பொருந்தும். ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழலாதபடி உராய்வுத் தட்டுகள் அமைந்த டிஃபரன்ஷியலாயின், அதற்கென்று குறித்த எண்ணெயையே வாங்க வேண்டும். இல்லையேல் திருப்பங்களில் வண்டி உதறும்.

எண்ணெய் மாற்றுகையில், வடிக்கும் திருகைத் தொடுமுன் வார்க்கும் துவாரத்தின் திருகு கழலுகிறதா என்று பார்த்துக்கொள்க. பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மேல்திருகு துருப்பிடித்துத் திரும்பாமல் தவிப்போர் உண்டு. சிறிது தூரம் ஓட்டிச் சூடான பின் வடித்தால் கசடு சேர்ந்து வெளிவரும். காந்தத் திருகில் மாவு போன்ற கருமை ஒட்டியிருப்பது இயற்கை. கைக்குத் தட்டுப்படும் எஃகுச் சில்லு இருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கையில், புது எண்ணெய் துவாரத்தின் கீழ்விளிம்பைத் தொடும்வரை வார்ப்பதே பெரும்பாலான வண்டிகளுக்குரிய அளவு.

ஆற்று நீரில் இறங்கிய வண்டியின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தவணை பாராமல் உடனே மாற்றுக. அச்சின்மேலுள்ள சிறு காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டால், சூட்டில் விரிந்த காற்று எண்ணெயைச் சீல் வழியே பிரேக் டிரம்முக்குள் தள்ளிவிடும். பழைய வண்டி வாங்குவோர் சிறிதளவு எண்ணெயை வடித்துப் பார்ப்பது நலம். தேய்ந்த பற்களின் ஓலத்தை அடக்க மரத்தூள் போட்டு விற்கும் தந்திரம் பழமையானது.

வாய்க்காலிலும் கிணற்றருகிலும் பழைய எண்ணெயைக் கொட்டலாகாது. மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். புதிதாய் வாங்குவதை முத்திரையுள்ள டப்பாவாகவே வாங்குக. திறந்த பீப்பாயிலிருந்து அளந்து தருவது எரிந்த எண்ணெயாயிருக்கக்கூடும். திருகை முடுக்குகையில் செப்பு வளையம் நசுங்கியிருந்தால் மாற்றிவிட்டு, மறுநாட் காலையில் வண்டி நின்ற தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.