பாடவேளையிலிருந்து தொடங்குங்கள்: பள்ளிகளுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லப் போகும் மூத்த ஆசிரியர்களுக்கு

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களுக்கும் நீண்ட அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கும் இப்போது ஒரு புது வேலை வந்திருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா, எந்தச் செயலி உருப்படியானது, இருக்கிற கணினி ஆய்வகத்தை எப்படி ஓட்டுவது, ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி தருவது என்று பள்ளிகள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கின்றன. தனியார் பள்ளியென்றால் தாளாளர் கூப்பிடுவார்; அரசுப் பள்ளியென்றால் தலைமையாசிரியரோ, பள்ளி மேலாண்மைக் குழுவோ, முன்னாள் மாணவர்களோ. அழைப்பு வந்ததும் பலர் முதலில் செய்வது, சந்தையில் என்னென்ன கருவிகள் வந்திருக்கின்றன என்று தேடிப் படிப்பதுதான். அதைக் கடைசியில் செய்தால் போதும். ஒரு கருவி பள்ளி நாளில் எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அது பயன்படுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இருபது வருடம் கால அட்டவணை போட்டு, லீவு போட்ட ஆசிரியருக்குப் பதில் ஆள் தேடி, தேர்வுக்கு முன் பாடம் முடிக்க நாள் எண்ணிய ஒருவருக்கு இந்த இரண்டு கேள்விகளும் கைவந்தவை. கருவி விற்க வருபவருக்கு அவை தெரியாது.

இது வெறும் அபிப்பிராயமல்ல. குஜராத்தில் ஞான்சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் நடந்த கணினிவழிக் கணிதப் பயிற்சியை ஆராய்ந்து, லீ லிண்டன் என்ற பொருளியலாளர் 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குப் பதிலாகக் கணினியை வைத்த இடங்களில், அது இல்லாத பள்ளிக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் குறைவாகக் கற்றார்கள். பள்ளிக்கு முன்போ பின்போ கூடுதல் நேரமாக வைத்த இடங்களில், குறிப்பாகப் பின்தங்கிய குழந்தைகள், முன்னேறினார்கள். பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று கிராமப் பள்ளிகளுக்கு வாரிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. டெல்லியில் 2015-இல் 619 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில் கதையே வேறு. பள்ளி முடிந்த பிறகு 90 நிமிடம். அதில் பாதி நேரம் அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி கொடுக்கும் மென்பொருள், பாதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரிடம் படிப்பு. சில மாதங்களிலேயே கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. குஜராத் ஆய்வு பழையது, இப்போது மென்பொருள்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன என்று யாராவது சொல்லலாம். மென்பொருள் மேம்பட்டிருக்கிறது, சரி. பாடவேளை அதே 40 நிமிடமாகத்தானே இருக்கிறது?

நேரத்தை அளக்கப் போகலாம்; ஆனால் முதல் வேலை, ஒப்புக்கொள்வதற்கு முன்பே, உங்கள் நிலையைத் தெளிவாக்கிக்கொள்வது. உங்களுக்குப் பணம் தருவது யார்? பள்ளியா, கருவி விற்கும் நிறுவனமா? பல நிறுவனங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களைத் தேடிப் பிடித்து, 'கல்வி ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்து, பின்வாசலில் கமிஷன் வைக்கின்றன. உங்கள் நல்ல பெயரை உருவாக்க முப்பது வருடம் ஆகியிருக்கும். அதை ஒரு ப்ரொஜெக்டருக்காக விற்க வேண்டாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் எல்லா மாணவருக்கும் டேப்லெட் என்று நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள திட்டத்தைத் தொடங்கியது. கொள்முதலுக்கு முன்பே அதிகாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் நடந்த மின்னஞ்சல் பேச்சு வெளியே வந்ததும் அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. எனவே, எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்கவில்லை என்று ஒரு வரி. எத்தனை முறை வருவீர்கள், அறிக்கையை யாரிடம் கொடுப்பீர்கள், வகுப்பில் பார்த்தது யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்று மூன்று நான்கு வரி. இதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தாளாளர் கூப்பிட்டு, தலைமையாசிரியருக்கே விஷயம் தெரியாத பள்ளியென்றால், அவரிடம் நீங்களே போய்ப் பேசி அவர் சம்மதம் கிடைத்த பிறகு ஆரம்பியுங்கள். அவர் தலைக்கு மேல் வந்தவர் என்ற எண்ணம் விழுந்துவிட்டால் பிறகு எந்த யோசனையும் செல்லாது.

அடுத்து, பார்ப்பது. முதல் இரண்டு வருகைகளில் எந்த ஆலோசனையும் சொல்லாதீர்கள். ஆசிரியர்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆய்வகத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஒரு மாதத்துப் பதிவு முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால், அது ஆய்வு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எழுதப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விசைப்பலகை மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா, யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வராத நாளில் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வகுப்போடு ஆய்வகத்துக்குப் போய்க் கடிகாரத்தைப் பாருங்கள். நாற்பது பேர் வரிசையாகப் போய் உட்கார ஐந்து நிமிடம், லாகின் செய்யவும் மறந்த கடவுச்சொல்லைத் தேடவும் எட்டு நிமிடம், இயங்காத இரண்டு கணினியின் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்த இரண்டு நிமிடம், கடைசியில் அணைத்துவிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம் என்றால் மிச்சம் இருபது. ஒரு கணினிக்கு இருவர் என்றால் ஆளுக்குப் பத்து. இந்தக் கணக்கு உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

இதே கடிகாரத்தை ஆசிரியர் கையிலுள்ள போன்மீதும் வையுங்கள். வருகைப் பதிவு, எமிஸ் கல்வித் தகவல் தளத்தில் உள்ளீடு, வாட்ஸ்அப் குழுவில் வரும் அவசரப் படிவங்கள், நிகழ்ச்சி நடந்ததற்குப் புகைப்படம் என்று ஒரு நாளில் எத்தனை நிமிடம் வகுப்பிலிருந்து போகிறது? பள்ளித் தொழில்நுட்பம் என்று பேசும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பல பள்ளிகளில் மிக அதிகமாகப் பயன்படும் தொழில்நுட்பம் இதுதான். எந்தப் பதிவை அலுவலக உதவியாளர் செய்யலாம், எதை வாரம் ஒருமுறை செய்யலாம், எந்த வாட்ஸ்அப் குழுவை மூடிவிடலாம் என்று சொல்லி ஒரு ஆசிரியருக்குத் தினமும் பதினைந்து நிமிடம் மீட்டுக் கொடுத்தீர்களானால், புதிதாக எதையும் வாங்கச் சொல்லாமலேயே பள்ளிக்குப் பெரிய உபகாரம் செய்தவர் ஆவீர்கள். ஆசிரியர்கள் உங்களை நம்பத் தொடங்குவதும் அங்கேதான்.

மூன்றாவதாக, ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். "மாணவர்களை நவீன உலகுக்குத் தயார்ப்படுத்துவது" பிரச்சினை அல்ல. அது ஆண்டு விழாப் பேச்சு. ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் வரவில்லை, எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் ஆங்கிலப் பத்தியைத் திக்கித் திணறி வாசிக்கிறார்கள் என்பவை பிரச்சினைகள். டெல்லி ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நாலரை வகுப்பாகியிருந்தது. அந்த மென்பொருள் பலித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அது மாணவர் இருந்த இடத்திலிருந்து தொடங்கியது. அதே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அழகான அசைவூட்டப் படமாகக் காட்டும் கருவியால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? பிரச்சினை முடிவானதும் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. மணற்கேணி செயலியும் கல்வித் தொலைக்காட்சியும் காசில்லாமல் கிடைக்கின்றன. இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்று எழுத்தில் காட்டிய பிறகுதான் 'வாங்கலாம்' என்ற சொல் உங்கள் வாயில் வர வேண்டும். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பருவம் என்று எல்லை போட்டு, அதற்கு வாரத்தில் எந்தப் பாடவேளை, அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கால அட்டவணையில் குறித்துவிடுங்கள். விளையாட்டு வகுப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன்.

இனி, பொறுப்பு. அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தலைமைப் பண்பு பற்றிப் பேசினால் அவர் சிரிக்கக்கூடும். கருவி மேலிருந்து வருகிறது, சுற்றறிக்கை மேலிருந்து வருகிறது, பணியிடம் காலியாக இருக்கிறது, இதில் நான் தலைமை தாங்க என்ன இருக்கிறது என்று கேட்பார். நியாயமான கேள்வி. அவர் கையில் இல்லாதவற்றை அவர்மேல் சுமத்தும் ஆலோசகர், காப்பி குடித்துவிட்டுப் போகும் ஆலோசகராகவே இருப்பார். ஆனால் கால அட்டவணை அவர் கையில் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கலாம் என்பது அவர் முடிவு. ஆசிரியர் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் எதைப் பேசுவது என்பதும் அவர் முடிவு. பேட்டரி மாற்றும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், அவர்கள் கேட்டால் சில கதவுகள் திறக்கும். தனியார் பள்ளியில் சிக்கல் வேறு மாதிரி. தாளாளருக்கு ஸ்மார்ட் போர்டு அட்மிஷன் விளம்பரம். அவரிடம் கல்வித் தத்துவம் பேசாதீர்கள். வாங்கும் விலைக்குப் பக்கத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு, உரிமக் கட்டணம், பழுது பார்க்கும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். அந்த மொழி அவருக்கு உடனே புரியும்.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை, ஒருநாள் பயிற்சி முகாம் மட்டும் போதாது. ஆசிரியர்களுக்கு அருகிலிருந்து வழிகாட்டுவது பற்றி மேத்யூ கிராஃப்ட் முதலியோர் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய வழிகாட்டல் கற்பிக்கும் முறையையும் மாணவர் கற்றலையும் உயர்த்துகிறது என்கிறது; கூடவே, திட்டம் பெரிதாக விரியும்போது பலன் குறைகிறது என்றும் காட்டுகிறது. ஆகவே மூன்று நான்கு ஆசிரியர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் நீங்களே அவர்கள் வகுப்பில் பாடம் நடத்துங்கள். ப்ரொஜெக்டர் நடுவில் நின்றுபோனால் நல்லதுதான்; சாக்பீஸை எடுத்துப் பாடத்தைத் தொடரும்போது, கருவியில்லாமலும் பாடம் நிற்காது என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து, அதற்கடுத்த வாரம் அவர் மட்டும், நீங்கள் பின் பெஞ்சில். பார்த்ததை அன்றே அவரிடம் மட்டும் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மேசைக்குப் போகக் கூடாது. இளம் ஆசிரியர்களுக்கு இந்தக் கருவிகள் எல்லாம் தெரியும், ஓய்வுபெற்றவர் வந்து என்ன சொல்லித்தரப் போகிறார் என்ற ஆட்சேபம் எழும். கருவியை அவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்த இடத்தில் காணொளியை நிறுத்திக் கேள்வி கேட்பது, கடைசி பெஞ்சுக்குப் புரிந்ததா என்பதை எதை வைத்து அறிவது என்பவற்றை அவர் உங்களிடம் கற்பார்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நிச்சயம் கேட்பார்கள். தடை செய்வதா, வரவேற்பதா என்ற விவாதத்துக்குள் போகாமல் அதே நேரக் கேள்வியைப் போடுங்கள். ஆசிரியர் ஒரு வினாத்தாளுக்கு மூன்று வடிவம் தயாரிக்க அதைப் பயன்படுத்தி, பிறகு தானே சரிபார்த்தால், மிச்சமாவது எழுத்தர் வேலை. மாணவர் கட்டுரையை அதனிடம் எழுதி வாங்கினால், போவது அவர் யோசிக்க வேண்டிய நேரம். கருவி ஒன்றே, தீர்ப்பு இரண்டு. மாணவர் விவரங்கள் போகும் எந்தச் செயலிக்கும் இன்னொரு சோதனை உண்டு: 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை நிபந்தனையாக வைக்கிறது. மாணவர் பெயர், படம், போன் எண் எங்கே சேமிக்கப்படுகின்றன, ஒப்பந்தம் முடிந்தால் அழிக்கப்படுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பள்ளியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எடுத்த பிரச்சினை பின்னக் கூட்டல் என்றால், பருவம் முடியும்போது சோதிக்க வேண்டியது அதைத்தான். தொடக்கத்தில் கொடுத்த அதே கடினத்தில் பத்துக் கணக்கு, தாளில். கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண் நிறுவனத்தின் அறிக்கைக்கு உதவும், உங்களுக்கு உதவாது. முன்னேற்றம் இல்லையென்றால் அப்படியே எழுதுங்கள், அந்தப் பாடவேளையை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இருந்தால், அடுத்த வகுப்புக்கு விரிக்கும் வேலையை உங்களோடு உழைத்த ஆசிரியர்களில் ஒருவரிடம் தலைமையாசிரியர் பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். அவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை குறைத்துக் கொடுப்பதும் அந்த ஒப்படைப்பில் சேர்த்தி. அறிக்கை இரண்டு பக்கம் போதும். அதன் பிறகு போன் செய்து கேட்டால் பதில் சொல்லுங்கள், ஆனால் கூப்பிடாமல் போகாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டே போய், பதிவேட்டைத் திறந்து, இந்த முறை எத்தனை பேரின் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.