துப்பாக்கியைக் கொடுத்து மண்வெட்டி வாங்கியவர்கள்
மொசாம்பிக் நாட்டு மக்களின் அனுபவம்

யுத்தம் ஓய்ந்தபின் ஊர் திரும்பும் விவசாயியும், படையை விட்டு வரும் இளைஞனும் ஒரே ஒழுங்கையால்தான் நடக்க வேண்டும்; ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ள வேண்டும். இருவரும் எப்படிச் சேர்ந்து வாழ்வது? இக்கேள்விக்கு முகங்கொடுத்த நாடுகளில் ஒன்று மொசாம்பிக். ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள இந்நாட்டின் மக்களிற் பெரும்பாலோர் எம்மைப் போன்ற விவசாயிகள். சோளமும் மரவள்ளியும் அவர்களது முக்கிய உணவு.

யுத்தத்தின் நடுவே மக்கள்

மொசாம்பிக் 1975 இல் போர்த்துக்கேயரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. 1977 முதல் 1992 வரை பிரெலிமோ அரசுக்கும் ரெனாமோ இயக்கத்துக்கும் இடையே யுத்தம் நடந்தது. ரெனாமோவுக்கு முதலில் ரொடீசியாவும், பின்னர் தென்னாபிரிக்காவின் வெள்ளையர் அரசும் உதவின. யுத்தத்தாலும் அதனால் வந்த பஞ்சத்தாலும் சுமார் 10 இலட்சம் பேர் மடிந்தனர் என மதிப்பிடப்படுகிறது.

கிராம மக்கள் இரு பக்கத்தாருக்கும் இடையில் அகப்பட்டனர். அரசு அவர்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியது. ரெனாமோ பாடசாலைகளையும் மருந்தகங்களையும் தாக்கியது, உணவைப் பறித்தது, சுமை தூக்க மக்களைப் பிடித்துச் சென்றது. சுமார் 17 இலட்சம் பேர் அயல்நாடுகளுக்கு ஓடினர். மலாவியில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தஞ்சம் புகுந்தனர்.

படையினரின் நிலை

துப்பாக்கி ஏந்திய எல்லோரும் விரும்பி ஏந்தியவர்கள் அல்லர். பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். சிறுவர்களும் கடத்தப்பட்டனர். 1992 ஒக்டோபர் 4 இல் உரோமையில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. இரு படைகளிலிருந்தும் 30,000 பேரைச் சேர்த்துப் புதிய இராணுவம் அமைப்பது திட்டம். ஆனால் ஏறக்குறைய 12,000 பேரே சேர்ந்தனர். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவே விரும்பினர். தம்மை விடுவிக்கத் தாமதித்தபோது 1994 இல் பல முகாம்களில் கலகமும் செய்தனர். விடுவிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் உதவிப்பணம் கிடைத்தது. கடத்தப்பட்டுப் படைகளில் வேலை வாங்கப்பட்ட பெண்களிற் பெரும்பாலோருக்கோ எதுவும் கிடைக்கவில்லை.

ஊர் ஏற்றுக்கொண்ட விதம்

பல கிராமங்களில், திரும்பி வந்தவனை நேரே வீட்டுக்குள் எடுக்கவில்லை. மூலிகை நீரில் நீராட்டி, யுத்தத்தில் அணிந்த உடையை எரித்து, முன்னோருக்கு அறிவித்தபின்பே சேர்த்துக்கொண்டனர். தேவாலயங்களில் செபங்கள் நடந்தன. இதன் கருத்து என்ன? யுத்தத்தில் செய்ததும் பட்டதும் வெளியே நிற்கட்டும், மனிதன் மட்டும் உள்ளே வரட்டும் என்பதே. அகதிகளாகப் போய் வந்தவர்களுக்கும் சில இடங்களில் இச்சடங்கு நடந்தது.

1995 இல் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் வேறொரு வேலையைத் தொடங்கியது. ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி, கூரைத்தகரம் போன்றவை வழங்கப்பட்டன. வாங்கிய ஆயுதங்கள் துண்டுதுண்டாக வெட்டப்பட்டன. அந்தத் துண்டுகளைக் கொண்டு கலைஞர்கள் கதிரைகளும் சிலைகளும் செய்தனர்.

முடியாத வேலைகள்

மக்கள் வயலுக்குத் திரும்பியபோது மிதிவெடிகள் நிலத்தில் இருந்தன. நாடு மிதிவெடியற்றது என்று அறிவிக்க 2015 வரை சென்றது. சமாதானத்துக்குப் பின் 23 ஆண்டுகள்!

இன்னொன்றும் முடியாமல் கிடந்தது. 1992 இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. யார் என்ன செய்தார் என்பதை விசாரிக்க ஆணைக்குழு எதுவும் அமைக்கப்படவில்லை. ஊர்கள் தம்மால் இயன்றதைச் செய்தன. தலைவர்கள் தமக்குள் இருந்த பிணக்கைத் தீர்க்கவில்லை. 2013 இல் மீண்டும் மோதல் வெடித்தது. 2019 ஓகஸ்டில் மறுபடியும் ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று.

நாம் கற்பது

விதையும் மண்வெட்டியும் இல்லாமல் சமாதானம் நிலைக்காது. அவை மட்டும் போதுமானவையும் அல்ல. ஊர் மக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள ஒரு வழிமுறை வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன் இழப்பைச் சொல்லவும், அதைக் கேட்கவும் ஓர் இடம் வேண்டும். ஊர் முதலாவதைச் செய்யலாம். இரண்டாவதை ஊர் தனித்துச் செய்ய முடியாது; அது அரசின் கடமை.

கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊருக்குத் திரும்பிவரும் முன்னாள் போராளியை அல்லது படைவீரனை நாம் எப்படி வரவேற்கிறோம்?
2. உதவி வழங்கும்போது எமது சங்கங்களில் விடுபட்டுப்போகும் பெண்கள் யார்?
3. மிதிவெடி அபாயமுள்ள காணிகளைப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டியிருக்கிறோமா?